தாஷ்கெண்ட் பார்த்த நாள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சவோதத்தை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் வீட்டுக்காரர் எர்காஷுக்கு வயிற்றில் இருக்கும் கட்டி அறுத்து எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, பனி விழும்வரை தாங்கினாலே பெரிது என்று. இதையெல்லாம் நோயாளியிடம் சொல்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. சொந்த ஊர் மார்கிலானில் இருந்த மகன் ஷெர்சோதுக்குப் போன் போட்டாள். அவன் அழுது முடித்துவிட்டு, அப்பாவுக்குத் தெரியவே கூடாது, ஊருக்குச் சாயங்காலம்தானே ரயில், அதுவரை தாஷ்கெண்டைச் சுற்றிக் காட்டும்மா என்றான்.

வெறும் புண்தானாம், மாத்திரையிலேயே ஆறிவிடுமாம் என்று கணவரிடம் சொன்னாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார்.

கல்யாணமான புதிதில் தாஷ்கெண்டைக் காட்டுகிறேன் என்றவர். வருஷா வருஷம் பருத்தி எடுப்பு குறுக்கே வந்துவிடும். இப்போது சுரங்க ரயில் நிலையத்துச் சரவிளக்குகளைத் தானே மாட்டியது போல அவளுக்குக் காட்டினார். ஹஸ்ரத் இமாம் மசூதி வளாகத்தில், கண்ணாடிக்குள் இருந்த பழங்காலத்துக் குர்ஆனுக்கு முன்னால் கையேந்தி நின்றார். அந்தத் தோல் ஏடு எதுவும் சவோதத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. அவருடைய சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நின்றதுதான் தெரிந்தது. பழைய பூகம்பத்தின் நினைவுச் சின்னத்தில் பிளந்து கிடந்த கல்லருகே, "உன்னைப் பொண்ணு பார்த்துட்டு வந்தப்போ எங்கம்மாவுக்கு நெஞ்சு இப்படித்தான் பிளந்துச்சு" என்றார். அவள் சிரித்துவைத்தாள்.

கடைசியாக சோர்சு சந்தை. நீலக் கூரைக்கு அடியில் உலர்ந்த ஆப்ரிகாட் பழம் வாங்கினாள். கடைக்காரர் சொன்ன விலையை அப்படியே எடுத்து நீட்டினாள்.

கடைக்காரருக்கே என்னவோ போல ஆகிவிட்டது. "என்னக்கா, ஒரு வார்த்தை கூடக் கேக்க மாட்டீங்களா? இப்படிக் குடுத்தா எனக்கு யாவாரம் பண்ணின மாதிரியே இல்லையே."

எர்காஷ் திரும்பி அவளைப் பார்த்தார். வெங்காயத்துக்குக் கூட முக்கால் மணி நேரம் மல்லுக்கு நிற்கிறவள். அப்போதெல்லாம் மானம் போகிறது என்று எட்டிப் போய் நின்றுகொள்வார்.

"டாக்டர் நெசமா என்ன சொன்னாரு, ஷெர்சோதம்மா?"

"புண்ணுதாங்க."

 எர்காஷ் காலிப் பழக்கூடை ஒன்றைக் கவிழ்த்து மெதுவாக அதன்மேல் உட்கார்ந்தார். பக்கத்துக் கடையில் யாரோ கொத்தமல்லிக் கட்டுக்குத் தண்ணீர் தெளித்தார்கள்.

"பையன்கிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாத," என்றார். "பாவம், தாங்க மாட்டான். இப்ப நீ போய்க் குறைக்கச் சொல்லிக் கேளு. எப்பவும் போல சண்டை போடு. நான் இங்கயே இருந்து கேக்கிறேன்."

சவோதத் கடைக்காரரிடம் திரும்பினாள். பழம் சுருங்கிக் கிடக்கிறது, இதுக்கா இந்த விலை என்று ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்தது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, பாதி விலைதான் தருவேன் என்றாள்.

கடைக்காரர் அவளைப் பார்த்தார், கூடைமேல் இருந்தவரைப் பார்த்தார்.

"சரிக்கா" என்றார்.