உலகம் அறிந்த முதுகு

போட்டோக்காரரின் மனைவிக்கு ஒரு பெருமை உண்டு, வாய் திறந்து சொல்ல முடியாத பெருமை. உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த முதுகு அவளுடையதுதான். காலண்டரில், தபால் தலையில், சலூன் கண்ணாடிக்கு மேலே, எங்கே பார்த்தாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சால்வை தோளிலிருந்து நழுவ, முடியை விரித்துப் போட்டு அவள் நிற்கிறாள். கீழே அச்சடித்திருக்கும் பெயர்தான் அவளுடையது இல்லை.

அந்தப் பெயர் ஒரு நடிகையுடையது. ஊரே மகாராணி, மகாராணி என்று கொண்டாடிய நடிகை. அவர் சாவதற்கு இரண்டு நாள் முன்னால் எடுத்த கடைசி போட்டோ என்றுதான் உலகம் அதை நினைத்துக்கொண்டிருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். பெரிய மனுஷர்கள் வருவதற்கு முன்னால் விளக்கை எங்கே வைப்பது, வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க யாராவது ஒருவர் அந்த இடத்தில் நிற்க வேண்டும். பெரிய ஸ்டுடியோக்களில் அதற்கென்று ஆள் உண்டு. இவருக்குப் பெண்டாட்டி இருந்தாள். மகாராணி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி, சால்வையை மட்டும் ஒன்பதுக்கே அனுப்பிவிட்டார். "இதைப் போத்திக்கிட்டு ஜன்னல்கிட்ட போய் நில்லு" என்றார் போட்டோக்காரர். நின்றாள். பதினொன்று ஆயிற்று, ஒன்று ஆயிற்று, மூன்றும் ஆயிற்று. அவர் விளக்கை நகர்த்துவார், நடுவில் ஒன்றை எடுத்துப் பார்ப்பார், மறுபடி நகர்த்துவார். நாலு மணிக்கு வந்த மகாராணி ஜன்னல் பக்கமே போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பதினோரு படத்துக்கு முகம் கொடுத்தார். "தலை வலிக்குது, இன்னொரு நாள் வரேன்" என்று கிளம்பினார். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

செத்த சேதி வந்ததும் பத்திரிகை ஆசிரியர் போன் போட்டார். போட்டோக்காரர் கைக்குக் கிடைத்ததை எல்லாம் உறையில் போட்டு அனுப்பினார். பதினோரு படத்திலும் முகம் வீங்கிக் கிடந்தது. கூடவே போன பன்னிரண்டாவது, ஜன்னலோர முதுகு. ஆசிரியர் அதை எடுத்துக்கொண்டார். மறுநாள் முதல் பக்கத்தில் போட்டோக்காரர் பார்த்தது பெண்டாட்டியின் முதுகை. பொய் சொல்லக் கூடாது, மனுஷர் உண்மையைச் சொல்லத்தான் போனை எடுக்கப் போனார். அதற்குள் அது அடித்துவிட்டது. "கையைக் கொடுங்க சார்! ஆபீஸ்ல அழாத ஆளே இல்ல" என்றார் ஆசிரியர். போட்டோக்காரர் "நன்றி" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு திருடனுக்குத் தேள் கொட்டிய கதை, கத்தவும் முடியாது.

முதல் வருஷம் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. கண்ணே தெரியாத போட்டோவில் கண்ணில் மரணத்தின் நிழல் ஆடுகிறது என்று ஒரு பேராசிரியர் நாற்பது பக்கம் எழுதித் தள்ளினார். அட கடவுளே! அந்த நேரத்தில் அவளுக்கு இருந்த ஒரே தவிப்பு பாத்ரூம் போகவேண்டும் என்பதுதான்.

பிறகு சிரிப்பு நின்றது. "முடிய வெட்டிடு" என்றார் போட்டோக்காரர். இடுப்பைத் தாண்டித் தொங்கிய முடி, வெட்டினாள். யாராவது வந்தால் ஜன்னல்கிட்ட நிற்காதே என்றார், நிற்கவில்லை. முதுகைக் காட்டாதே என்றார். அரண்மனைச் சேவகன் மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து சமையலறைக்குள் போகப் பழகினாள். அவளுடைய அக்கா ஒருநாள் காலண்டரைப் பார்த்துவிட்டு, "ஏய், இது நீதானேடி? உனக்குத் தலை வாரிவிட்டவ நான், எனக்குத் தெரியாதா?" என்றாள். "எங்க பொழப்புல மண்ணப் போடறதுக்குன்னே வந்தியா?" என்று இவர் குதித்த குதியில் அக்கா அன்றைக்குப் படி இறங்கியவள்தான். பேச்சு வார்த்தை இல்லாமல் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஆக மொத்தம் இருபத்திரண்டு வருஷம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரே ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடறேங்க. நெஞ்சு அடைக்குது." அவர் ஒவ்வொரு தடவையும் கதவைத்தான் பார்ப்பார், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று.

அன்றைக்கு மகாராணியின் மகள் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள். அம்மா சாகும்போது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது அம்மாவுக்கு நினைவு மண்டபம் கட்டியிருக்கிறாள், நாளைக்குத் திறப்பு விழா. உள்ளே நுழைந்ததும் அந்த போட்டோதான், இரண்டு ஆள் உயரத்துக்கு. போட்டோக்காரர் வழக்கமான கதையை அவிழ்த்துவிட்டார். எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட கதை. மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தட்டோடு சுவரோரம் நின்றவளைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க இங்க இருந்தீங்களா ஆன்ட்டி?"

"இவளா? இவ சமையல்கட்டுல இருந்திருப்பா" என்றார் போட்டோக்காரர்.

"நான் அவங்களக் கேட்டேன் சார்."

அன்றைக்கு நடந்ததை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. "இருந்தேம்மா. அந்த ஜன்னல்கிட்டதான் நின்னேன். அந்த போட்டோவுல இருக்கறது நான்தாம்மா. உங்க அம்மா இல்ல."

டம்ளர் தட்டை மேஜைமேல் வைத்தாள். மகள் போட்டோக்காரர் பக்கம் திரும்பினாள். "சார்?"

இவள் தன் புருஷன் முகத்தையே பார்த்தாள். இந்த ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஆமான்னு சொல்லிடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவர் சிரித்தார். அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல. மாத்திர சாப்பிட்டுக்கிட்டிருக்கா."

உப்புப் போட்டுச் சோறு தின்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது?

"அடப் பாவமே" என்றாள் மகள். "சார், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டுவரீங்களா? சூடா இருந்தா நல்லது." அவர் விட்டால் போதும் என்று உள்ளே ஓடினார். மகள் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"என்ன மாத்திர சாப்பிடறீங்க?"

"தலவலி மாத்திரகூடக் கிடையாதும்மா."

"தெரியும். அது நீங்கதான்னு இன்னைக்குத்தான் தெரியும். அம்மா இல்லேன்னு ஒன்பது வயசுலயே தெரியும். பேப்பரப் பாத்த அன்னைக்கே."

"எப்படிம்மா?"

"அம்மா முதுகு எனக்குத் தெரியாதா? அவங்ககிட்ட நான் அதிகமாப் பாத்ததே அதைத்தானே. எப்பப் பாத்தாலும் ஷூட்டிங் கிளம்பிப் போயிட்டே இருப்பாங்க."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இவளை நம்ப ஒருத்தி இருக்கிறாளே! இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் முழுசாக மூச்சு வந்தது. "அப்போ நாளைக்கு எல்லாருக்கும் சொல்லிடலாமாம்மா?"

மகள் பிடித்த கையை விடவில்லை. "அம்மா நடிச்ச படத்துல ஒண்ணு பேர் சொல்லுன்னா இப்ப சின்னப் பசங்க முழிக்கறாங்க ஆன்ட்டி. எல்லாம் மறந்துபோச்சு. இந்த ஒரு போட்டோதான் மிச்சம். அதுவும் அவங்க இல்லேன்னு ஆயிட்டா, அம்மா சுத்தமா இல்லாமப் போயிடுவாங்க." அவள் குரல் உடைந்தது. "அதுல நிக்கறவங்க எங்கயும் கிளம்பிப் போகல. கஷ்டம் வந்தா நான் பேசறதெல்லாம் அவங்ககிட்டதான். அது யாருன்னு ஒரு தடவ பாக்கணும்னுதான் வந்தேன். பாத்துட்டேன். அங்கயே இருங்க ஆன்ட்டி. வெளிய வந்துடாதீங்க."

புருஷனை என்றால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். நாளைக்கே நடுத்தெருவில் நின்று கத்தியிருப்பாள், ஒரு பயல் தடுக்க முடியாது. இந்தப் பெண்ணை என்ன செய்வது? கோபத்தை வரவழைத்துப் பார்த்தாள், வரவில்லை. கைக்குள் இருந்த கை சில்லென்று இருந்தது, ஒன்பது வயசுக் கை மாதிரியே இருந்தது.

போட்டோக்காரர் டம்ளரோடு வாசல்படியில் வந்து நின்றார். இரண்டு பேர் கண்ணும் ஈரமாக இருப்பதைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன... என்ன பேசிக்கிட்டிருக்கீங்க?"

அவள் எழுந்துபோய் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி மகளிடம் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லங்க. நான்தான் ஏதோ உளறிட்டேன். போட்டோவுல இருக்கறது அவங்க அம்மாதான்."