எதிர்காற்றில் முன்பாரம்

சேட்டுவையும் பச்சமுத்துவையும் கூட்டாளி என்று சேர்த்துக்கொண்ட நேரத்தை வேதாசலம் சனிக்கிழமை காலையிலிருந்து திட்டிக்கொண்டே இருந்தான். திட்டாமல் என்ன செய்வான்?

மெட்ராஸிலிருந்து ஏதோ ஒரு சங்கத்தார் உத்திரமேரூர் ஏரிக்குக் கட்டுமரம் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு ஒல்லியான ஓடங்களைப் பலகை போட்டு இணைத்து, மேலே பாய் கட்டியது. சனி, ஞாயிறு இரண்டு நாள் பயிற்சி. ஞாயிறு சாயங்காலம் யார் அக்கரைக்குப் போய்த் திரும்புகிறார்களோ, மழைக்காலம் முடியும்வரை அது அவர்கள் பொறுப்பில்.

வேதாசலத்துக்கு அது வேண்டும். அவன் தங்கை கனகா அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். ஐப்பசியில் ஏரி நிரம்பினால் அந்த ஊர்ப் பாதை மூழ்கிப்போகும். அவளுக்கும் ஐப்பசியில்தான் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்ததால், வலி முற்றியதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது. மயிரிழையில் பிழைத்தாள். இரண்டாவது பிரசவம் புருஷன் வீட்டில்தான் என்று மாமியார் தாயாரம்மாள் ஒரே பிடி. எத்தனையோ தடவை போய்க் கெஞ்சிப் பார்த்தான். "எங்க வூட்ல பொம்பளைங்களே இல்லியா? அனுப்பினா எங்களுக்குத்தான் கேவலம்" என்று வாசலோடு திருப்பிவிட்டாள்.

இங்கே பயிற்சியின் லட்சணமோ சொல்லி மாளாது. சுக்கான் கட்டையை ஒரு பக்கம் தள்ளினால் படகு மறுபக்கம் திரும்பும் என்று மாஸ்டர் அருள்தாஸ் தொண்டை கிழியக் கத்தினார். பிறந்ததிலிருந்து மாட்டு வண்டி ஓட்டும் சேட்டுவுக்கு அது ஏறவேயில்லை.

"இன்னா சார் இது, இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் போவுது? மாடுகூட சொன்ன பேச்சு கேக்கும்!"

பச்சமுத்துவுக்கு ஒரே சந்தேகம்தான். "நாஷ்டா எப்ப சார்?"

ஞாயிறு சாயங்காலம் மூவரும் ஏறினார்கள். பின்காற்று தள்ளிய தள்ளில் அக்கரைக்குப் பக்கம் சுலபமாகப் போய்விட்டார்கள். திருப்பினதும் காற்று முகத்தில் அறைந்தது. படகு தயங்கியது.

"மோடு ஏர்ற மாதிரிதாண்டா இது! முன்பாரம் குடுங்க!" என்றான் சேட்டு. வண்டி மேட்டில் ஏறினால் எல்லாரும் முன்னால் நகர்ந்து பாரம் கொடுப்பதுதான் வழக்கம். பச்சமுத்து மறுபேச்சில்லாமல் நகர்ந்தான். சுக்கானை விட்டுவிட்டுச் சேட்டுவும் நகர்ந்தான்.

"இது வண்டி இல்லடா, பேமானி! பின்னால போ!" என்று கத்தினான் வேதாசலம்.

எங்கே போவது? படகின் மூக்கு தண்ணீரில் முங்கியது. பாய் ஒரு பக்கமாகச் சாய, மூன்று பேரும் தொபுக்கடீர் என்று விழுந்தார்கள். நல்ல வேளை, இடுப்பளவுத் தண்ணீர்தான். சேற்றில் புதைந்து புதைந்து படகை இழுத்துக்கொண்டு அக்கரையில் ஏறினால், ஊரே நின்று வேடிக்கை பார்க்கிறது. முன்னால் தாயாரம்மாள். பக்கத்தில் இடுப்பில் கையூன்றிய கனகா.

"இன்னா வேதாசலம், இன்னா கூத்து இது?"

அவ்வளவுதான், இரண்டு நாள் எரிச்சலும் அவனுக்கு ஒன்றாய்ப் பொங்கியது. "கூத்து இல்ல அத்தே! மழைல பாதை முங்கிட்டா, கனகாவ இதுல ஏத்தித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். அதுக்குத்தான் கத்துக்கினு கீறோம். போதுமா?"

தாயாரம்மாள் கவிழ்ந்த படகைப் பார்த்தாள். தலையில் ஏரிப்பாசியோடு நின்ற பச்சமுத்துவைப் பார்த்தாள். மிதந்து போகும் துண்டைத் துரத்திய சேட்டுவைப் பார்த்தாள். பிறகு மருமகளின் வயிற்றைப் பார்த்தாள்.

"இதுலயா? இவனுங்களோடயா?"

சேட்டு துண்டை எட்டிப் பிடித்துப் பிழிந்தான்.

"ஐயோ சாமி, வேணவே வேணாம்! அடியே கனகா, துணிமணிய எடுத்து மூட்ட கட்டு. காலைல மொத பஸ்ஸுல உங்க அண்ணங்கூட பொறந்த வூட்டுக்குக் கெளம்பு. புள்ளய பெத்துக்கினு வந்தா போதும்."

"அத்தே, அப்ப கேவலம்னு சொன்னியே..." என்று ஆரம்பித்தான் வேதாசலம்.

"நீ வாய மூடு!"

மூடிக்கொண்டான். படகு போயிற்று, மானம் போயிற்று, இரண்டு கூட்டாளிகளையும் நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. கனகா அவன் பக்கத்தில் வந்து ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமாக அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாதவள், மாமியாருக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கு ரொம்ப பயமா இருந்திச்சிண்ணா."