குண்டுத் தேனீக்கு ஒரு பெட்டி

பிப்ரவரியில், மழையா பனியா என்று தெரியாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மார்லீஸ் வீட்டு வாசலில் ஒரு பார்சல் வந்து இறங்கியது. அனுப்பியவள் தங்கை கெசீனா. ஆறு வருஷமாக அவளிடமிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதில் கையெழுத்தைத் தவிர ஒரு வார்த்தை இருக்காது. அப்பேர்ப்பட்டவள் ஜெர்மனியின் அந்தக் கோடியில் இருக்கிற ஃப்ரைபர்கிலிருந்து பதினோரு கிலோ பார்சல் அனுப்புகிறாள் என்றால்? மார்லீஸ் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து பிரித்தாள்.

மரப்பெட்டி. அதற்குள் இன்னொரு சின்னப் பெட்டி, பஞ்சு, காய்ந்த பாசி, வாசலில் மாட்டுவதற்கு ஒரு குட்டிக் கண்ணாடிக் கதவு, ஒரு கையேடு, மடித்த கடிதம்.

"அக்கா, இது குண்டுத் தேனீக்கு, அதான் உடம்பெல்லாம் ரோமமா பெரிசா இருக்குமே, அதுக்கு வீடு. உன் தோட்டத்துல வை. வசந்தம் வந்ததும் ராணிங்க இடம் தேடி அலையும். ஒண்ணைப் பிடிச்சுக் குடிவெச்சா கோடைக்குள்ள ஒரு குடும்பமே ஆயிடும். தேன் எல்லாம் கிடைக்காது, முன்னாடியே சொல்லிட்டேன். ராணி தங்கிட்டா எழுது. மே மாசம் பெந்தெகொஸ்தே பண்டிகை லீவுக்கு வந்து மூணு நாள் இருக்கேன்."

கடைசி வரியை மார்லீஸ் நாலு தடவை படித்தாள். மூணு நாளாம்! சோபாவை விரித்தால் கட்டிலாகும், அதன் ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று அப்போதே போய் அமுக்கிப் பார்த்தாள். பிறகுதான் பெட்டியைப் பார்த்து எரிச்சல் வந்தது.

அறுபத்தேழு வயதில் பூச்சி வளர்க்கவா? முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் தலைமை நர்ஸாக இருந்து, இருமுகிறவன் முனகுகிறவன் எல்லாரையும் கட்டி மேய்த்தாயிற்று. இனி எந்த ஜீவனும் தன்னை எதிர்பார்த்து இருக்கக்கூடாது என்றுதான் அவள் ஒரு பூனைகூட வைத்துக்கொள்ளவில்லை.

அவளுடைய தோட்டம் வீட்டோடு சேர்ந்ததல்ல, தோட்டச் சங்கத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு மனை; அதற்குப் பக்கத்து மனை ரைமர்ஸுடையது. அவர் ஒன்பது வருஷமாகக் குண்டுத் தேனீ வளர்க்கிறவர். வேலிக்கு மேலே தலை தெரிந்ததும் மார்லீஸ் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க ரைமர்ஸ், இதுல தேன் உண்டா?"

"இல்லைங்க."

"மெழுகு?"

"விக்கிற அளவுக்கெல்லாம் வராது."

"சரி, வருஷா வருஷம் பெருகுமா?"

"எங்க! ஆகஸ்ட் வந்தா எல்லாம் செத்துப்போகும். அடுத்த வருஷம் மறுபடி முதல்லேருந்து."

"அப்புறம் எதுக்குத்தான் இந்தக் கூத்து?"

"பாத்துக்கிட்டே இருக்கலாம்ங்க" என்றார் அந்த மனிதர், முகமெல்லாம் பூரிக்க.

பாத்துக்கிட்டே இருக்கலாமாம்! இதற்கு ஒரு பெட்டி, அதற்கு ஒரு கதவு. மார்லீஸுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று புரியவில்லை. வேண்டாம் என்று எழுதிவிடலாம் என்று பேனாவைக்கூட எடுத்தாள். ஆனால் வேண்டாம் என்றால் கெசீனா வரமாட்டாள். வீம்பில் அக்காவுக்குச் சற்றும் இளைத்தவள் இல்லை அவள். மார்லீஸுக்கு ராணியும் வேண்டாம், அதன் குடும்பமும் வேண்டாம், தங்கை வேண்டும். இந்த உலகத்தில் அவளை 'அக்கா' என்று கூப்பிட அந்த ஒருத்தியை விட்டால் வேறு யார்?

சண்டை அம்மாவால் வந்தது. யேவர் என்ற ஊரில் தனியாக இருந்த அம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. இரண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்துவிட்டாள். கெசீனா இரண்டு வாரம் போர்ச்சுகலுக்கு லீவில் போயிருந்த சமயம், மார்லீஸ் வந்தாள், அம்மாவை அழைத்துக்கொண்டு போய் ஓல்டன்பர்கில் தன் வீட்டுக்குப் பக்கத்து முதியோர் இல்லத்தில் சேர்த்தாள், மேஜை நாற்காலியைக் கொடுத்துத் தீர்த்தாள், வாடகை வீட்டுச் சாவியை ஒப்படைத்தாள். எல்லாம் ஒன்பதே நாளில். நல்ல அறை, தெற்குப் பார்த்த ஜன்னல், கூப்பிட்ட குரலுக்கு ஆள். அம்மா ஐந்து மாதம் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து "எப்போ வீட்டுக்குப் போறோம்?" என்று கேட்டாள், பிறகு செத்துப்போனாள். அடக்கத்தன்று கெசீனா சொன்னது ஒன்றுதான். "ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே அக்கா." தான் செய்தது சரி என்று மார்லீஸ் அன்றும் நினைத்தாள், இன்றும் நினைக்கிறாள். ஆனால் சரியாகச் செய்தவள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

ஆக, வைத்துவிடுவது என்று முடிவாயிற்று. பெட்டியைப் பிளம் மரத்தடியில் வைத்தாள். கையேட்டில் பெட்டியை வைக்கும் பக்கங்களை மட்டும் படித்தாள், மீதி முப்பது பக்கம் பூச்சியின் ஜாதகம் என்று விட்டுவிட்டாள். மார்ச்சில் ரைமர்ஸ் வேலியோரம் வந்து ஆரம்பித்தார்.

"தரையோட ஒட்டிப் பறந்து, பொந்து பொந்தா நுழைஞ்சு பாக்கும். அதுதான் வீடில்லாத ராணி. அதைப் பிடிங்க. ஆனா ஒண்ணு, கால்ல..."

"முப்பத்தொரு வருஷம் நர்ஸா இருந்தவளுக்கே ஊசி போடச் சொல்லித் தர்றீங்களா?" என்று ஒரு வெட்டு வெட்டினாள். பாவம், மனிதர் வாயை மூடிக்கொண்டு வெங்காயம் நடப் போய்விட்டார்.

மார்ச் போயிற்று. ரைமர்ஸ் பெட்டியில் ராணி வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது மனைக்காரிக்கும் வந்துவிட்டது. மார்லீஸ் கையில் கண்ணாடித் தம்ளரோடு தினமும் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். ஏப்ரல் பிறந்து ஒரு வாரமும் ஆயிற்று. ராணி இல்லையென்றால் கெசீனா இல்லை.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை, வேலிக்கோடியில் இருக்கும் ஹேசல் புதரின் வேரடியில் ஒரு பெரிய ராணி இறங்கியது. அடடா, என்ன அழகு! கறுப்பில் மஞ்சள் பட்டை, பின்னங்கால் இரண்டிலும் கடுகைவிடப் பெரிய மஞ்சள் உருண்டைகள், மகரந்தம். அலைந்து திரிகிற சோம்பேறிகளை விட்டுவிட்டு, இப்படி உழைக்கிறவளைப் பிடித்தால் அல்லவா குடும்பம் தழைக்கும்? பொந்துக்குள் நுழையுமுன் தம்ளரைக் கவிழ்த்தாள், அட்டையைச் செருகினாள், கொண்டுபோய்ப் பெட்டிக்குள் விட்டாள். ஓடிப்போய்விடக்கூடாதே என்று வாசலில் பஞ்சை அடைத்தாள்.

ஐந்து நாள் அடைத்தே வைத்திருந்தாள். ஊசிக்குழாயில் சர்க்கரைத் தண்ணீர், கடையில் வாங்கிய மகரந்தம், எல்லாம் வேளைக்கு வேளை. இரவில் தரை உறைந்தது, பெட்டிமேல் தன் பழைய கம்பளிச் சட்டையைப் போர்த்தினாள். ஆறாம் நாள் பஞ்சை எடுத்தாள். ராணி நேரே ஹேசல் புதருக்குப் பறந்தது. பொந்துக்குள் போனது, வந்தது, மறுபடி போனது. 'போடி, நன்றி கெட்டவளே' என்று மார்லீஸ் திட்டினாள். பொழுது சாயும்போது அது தானாகவே பெட்டிக்குத் திரும்பி வந்தது. மறுநாளும் வந்தது. மார்லீஸ் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்று அழுதாள், இவ்வளவுக்கும் அம்மா அடக்கத்தில் அவள் கண் கலங்கியதில்லை. அன்றே போன் போட்டாள்.

"தங்கிட்டாடி!"

"நிஜமாவா அக்கா?" மறுமுனையில் கெசீனா சிரித்தாள். ஆறு வருஷத்துச் சிரிப்பு. "அடிப்பாவி, நீ பண்ணமாட்டேன்னு நினைச்சேன்."

பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு முதல் நாள் கெசீனா வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. மார்லீஸ் ருபார்ப் கேக் சுட்டு, அம்மா போடுவதுபோல் கற்கண்டும் பாலாடையும் போட்டுத் தேநீர் ஊற்றினாள். கெசீனாவோ தட்டைத் தொடாமல் பெட்டியெதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். முதல் வேலைக்காரத் தேனீக்கள் பொரிந்து வெளியே வந்திருந்தன, ஈயைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. "அக்கா, பாரு பாரு, இது இன்னிக்குத்தான் முதல் தடவை பறக்குது" என்று மார்லீஸின் கையைப் பிடித்து இழுத்தாள். பிடித்த கையை விடவில்லை. இந்தக் கண்ணாடிக் கதவை நாளைக்கு மாட்டுவோம், தேனீக்குத் தூக்கத் தெரியும், கூட்டைத் தின்ன வரும் அந்துப்பூச்சிக்குத் தெரியாது, பழக்குவதற்கு மூன்று நாள் பக்கத்திலேயே இருக்கவேண்டும், நான் இருக்கிறேன் என்றாள். மார்லீஸுக்கு அந்த மூன்று நாளும் கையில் வந்துவிட்ட மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா?

"எப்படிப் பிடிச்ச அக்கா? ரொம்ப அலையவிட்டாளா?"

"நானா அலைவேன்? மத்தவங்க மாதிரி வெத்துக்காலோட திரியறதையா பிடிச்சேன்? ரெண்டு காலும் நிறைய மகரந்தத்தோட ஒருத்தி அதோ, அந்த ஹேசல் வேரடிக்கு வந்தா. அமுக்கிட்டேன்."

கெசீனாவின் கை விட்டுப்போயிற்று.

"மகரந்தத்தோடயா?"

"ஆமாண்டி. உழைக்கிறவ."

கெசீனா எழுந்து ஹேசல் புதருக்குப் போனாள். போகிற போக்கில் மேஜையிலிருந்த கேக் கரண்டியை எடுத்துக்கொண்டாள். அதைக்கொண்டே பொந்தைக் கீறினாள். மண்ணும் சருகுமாக ஒரு முழம் தோண்டினாள். திரும்பி வரும்போது உள்ளங்கையில் ஏதோ இருந்தது. மேஜையில், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே வைத்தாள். வால்நட் அளவு ஒரு கட்டி, பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருந்தது. அதில் பாதி வளர்ந்த புழுக்கள் சுருண்டு காய்ந்து கிடந்தன. பக்கத்தில் விரல்நுனியளவு மெழுகுச் சட்டி, அடியில் இன்னும் கொஞ்சம் தேன்.

"கெசீனா, இது என்ன?"

"கால்ல மகரந்தம் இருந்தா அவளுக்கு ஏற்கெனவே வீடு இருக்குன்னு அர்த்தம். பிள்ளைங்களுக்குத்தான் தூக்கிட்டுப் போறா. நீ அஞ்சு நாள் அவளை அடைச்சு வெச்சிருக்க." குரல் உயர்ந்தது. "தரை உறையற குளிருல இதுங்க..."

வேலிக்கு அப்பாலிருந்து ரைமர்ஸ் இருமினார். "மன்னிக்கணும்... மணி ஒண்ணாச்சு." ஒன்றிலிருந்து மூன்று வரை சங்கத் தோட்டத்தில் சத்தம் கூடாது. புல் வெட்டுகிறவன் வெட்டக்கூடாது, குழந்தைகள்கூடக் கத்தக்கூடாது. அக்காளும் தங்கையும் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஆறு வருஷத்துக் கோபத்தைக் கிசுகிசுவென்று கொட்டினார்கள்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கையேட்டுல இருக்கு."

"நான் படிக்கல."

"பக்கத்துல அந்த மனுஷன் இருக்காரு. கேட்டிருக்கலாம்."

"சரி, கேட்கல! அதுக்கு இப்போ என்ன? அந்தப் பொந்து ஒரே ஈரம். இங்க பஞ்சு இருக்கு, வேளைக்குச் சாப்பாடு இருக்கு. அவ நல்லாத்தானே இருக்கா?"

சொன்ன பிறகுதான் மார்லீஸுக்குத் தன் காதிலேயே அது விழுந்தது. கெசீனா முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா விஷயத்துலயும் இதையேதான் சொன்ன" என்றாள், இன்னும் மெதுவாக.

"ரெண்டும் ஒண்ணா? நீ வரணும்னுதாண்டி நான் இதை எடுத்தேன். எனக்கு இந்தப் பூச்சி மேல என்ன ஆசை?"

"தெரியும் அக்கா. உனக்கு ஏதாவது வேணும்னா அது யாரோட வீடுன்னு நீ பாக்கமாட்ட."

மார்லீஸ் தேநீர்க் கோப்பையைத் தங்கை பக்கம் நகர்த்தினாள். மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அறுபத்தேழு வருஷமாக வராத வார்த்தை, அன்றைக்கும் வெளியே வரவில்லை. வந்திருந்தால்? யாருக்குத் தெரியும். "தேநீர் ஆறுது" என்று சொன்னாள், கடங்காரி.

கெசீனா அந்தக் கட்டியைக் காகித நாப்கினில் மடித்துப் புதரடியிலேயே புதைத்தாள், கை கழுவினாள், இன்னும் பிரிக்காத தன் பயணப் பையை எடுத்துக்கொண்டாள். மூன்று இருபதுக்கு ரயில் இருக்கிறதாம்.

"மூணு நாள்னு சொன்னியே. சோபாவை விரிச்சு வெச்சிருக்கேன்."

"இல்ல அக்கா."

"அப்ப இதை என்ன பண்றது? உனக்காகத்தானே வெச்சேன். நீயே போறேன்னா எனக்கு எதுக்கு? மூடித் தூக்கிப்போட்டுடறேன்."

"மூடினா இதுங்களும் சாகும். இப்போ உள்ள நாப்பது அம்பது புழு இருக்கும்." தோட்டத்து வாசலில் நின்று சொன்னாள். "வேண்டாம்னு சொல்ற நாள் போயாச்சு. ஆகஸ்ட் வரைக்கும் பாத்துக்கோ. ஜூன் பிறந்ததும் அந்துப்பூச்சி வரும், அதுக்குள்ள கதவைப் பழக்கணும். எப்படின்னு ரைமர்ஸைக் கேளு."

போய்விட்டாள். திரும்பிப் பார்ப்பாள் என்று மார்லீஸ் வேலி திருப்பம் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று மணி அடித்ததும் பக்கத்து மனைகளில் புல்வெட்டும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மார்லீஸ் முக்காலியில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடிக் கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் உள்ளே, ஒன்றும் பிடிபடவில்லை. குட்டித் தேனீ ஒன்று வந்து அவள் முட்டியில் மோதி, சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று.

ரைமர்ஸ் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "தங்கச்சி கிளம்பிட்டாங்களா? அந்தக் கதவு மாட்டணுமே. நான் வேணும்னா வந்து..."

மார்லீஸ் அதை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அவளே எல்லாம் சொல்லிக் குடுத்துட்டுத்தாங்க போனா" என்றாள். "அவசரமா ஏதோ வேலையாம்."

"நல்ல தங்கச்சிங்க" என்றார் ரைமர்ஸ்.

"ஆமாங்க" என்றாள் மார்லீஸ்.