விருப்பப் பயிற்சி

எங்கள் அணியின் கேப்டனாக நான் செய்த முக்கியமான வேலை கையெழுத்துப் போடுவதுதான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எதிரணிக்காரனை முட்டிக் கவிழ்ப்பதெல்லாம் சனிக்கிழமை மட்டும். அதை அறுபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டதை யாரும் பார்க்கவில்லை.

கல்லூரியில் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறவனைக் கோடை விடுமுறையில் வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் பயிற்சியில் வைக்கக் கூடாது என்பது விதி. கோச் டிலார்டுக்கு அந்த எட்டு மணி நேரம் திங்கள், செவ்வாயிலேயே தீர்ந்துவிடும். மிச்ச நாட்களில் நடப்பதற்கு விருப்பப் பயிற்சி என்று பெயர். ஆட்டக்காரர்கள் தாங்களாகவே வந்தார்கள், கோச் யாரும் கூட இல்லை, வருகைப் பதிவு எடுக்கவில்லை, வராதவனுக்குத் தண்டனை இல்லை என்று நாளுக்கு ஒரு தாள். அதன் அடியில் கேப்டன் கையெழுத்து. காலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு மைதானத்தின் கதவைப் பூட்டுவார்கள். பூட்டுகிற ஆள் டிலார்டுதான். பிந்தி வந்து கதவைத் தட்டுகிறவனுக்கு மைதானத்தின் நீளத்துக்குத் தண்டனை ஓட்டம். எங்கள் விருப்பத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

2013 ஜூன் கடைசியில் டிலார்ட் ஜூலை மாதத்துத் தாள்கள் மொத்தத்தையும் கட்டாகக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் கிரேவி ஊற்றிய பிஸ்கட் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"லமான்ட், இதை மொத்தமா போட்டுக் குடுத்துடு. தினமும் உன் பின்னாடி பேனாவைத் தூக்கிட்டு ஓட என்னால ஆகாது."

"தேதி போட்டிருக்கே, கோச்?"

"ஜூலை வராமயா போயிடும்?"

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போட்டேன். பதினெட்டு தாள். எனக்கு முந்தைய கேப்டன்களும் இப்படித்தான் போட்டிருக்கிறார்கள். இது தப்பு என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

ஜூலை பதினெட்டாம் தேதி பல் வலி என்று டிலார்டிடம் சொல்லிவிட்டு, இருநூறு மைல் தள்ளி ஒரு சோபாக் கடைக்குப் போனேன். அம்மாவின் காரில் கியர்பாக்ஸ் போய்விட்டது. கார் இல்லாவிட்டால் அவளுக்கு வேலையும் இல்லை. கடைக்காரர் எங்கள் அணியின் வெறியர். இரண்டு மணி நேரம் சோபாவில் உட்கார்ந்து, வருகிறவர்களின் சட்டையில் கையெழுத்துப் போட்டால் எண்ணூறு டாலர் தருவதாகச் சொன்னார். கல்லூரி ஆட்டக்காரன் தன் பெயரை வைத்து ஒரு டாலர் வாங்கினாலும் அவன் ஆட்டம் அத்தோடு முடிந்தது. என் நாற்பத்து நாலாம் எண் போட்ட சட்டையைப் பல்கலைக்கழகக் கடையில் தொண்ணூறு டாலருக்கு விற்கலாம், அதில் தப்பில்லை. அதன் முதுகில் என் பெயர் இல்லையே, எண் மட்டும்தானே. இதை யோசித்துக் கண்டுபிடித்தவனை ஒரு நாள் நேரில் பார்க்க எனக்கு ஆசை.

அன்று காலை மைதானத்தில் ஓடிஸ் விழுந்தான். நான்கு வருடமாக என் அறையில் என்னோடு இருந்தவன். மிசிசிப்பியின் ஜூலை வெயிலில் ஓடி ஓடி உடம்பு கொதித்து, மயங்கி, மூன்றாம் நாள்தான் கண் திறந்தான். அதற்குள் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அந்த நாளில் நடந்தது ஒன்றுமே அவன் நினைவில் இல்லை. அதன் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

பல்கலைக்கழகத்தின் காப்பீடு அதிகாரப்பூர்வமான பயிற்சிக்கு மட்டும்தான் பொருந்துமாம். ஜூலை பதினெட்டு விருப்பப் பயிற்சி. ஆதாரம், என் கையெழுத்து.

ஓடிஸின் அம்மா மிஸ் லொரெய்ன் கோழி ஆலையில் வேலை செய்கிறவர். இயந்திரத்தில் அவருடைய இடது கைச் சுட்டுவிரல் நுனி போனபோது ஆலைக்காரன் முனகிக்கொண்டேயாவது நஷ்ட ஈடு கொடுத்தான். அதை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பிடித்து, என் மகனும் தொழிலாளிதான் என்று இழப்பீட்டு வழக்குப் போட்டுவிட்டார். பத்திரிகைகளில் இதைப் பார்த்துக் கேலி செய்தார்கள். இலவசப் படிப்பு, இலவசச் சாப்பாடு, இனி சம்பளமும் வேண்டுமாம் என்று.

"கோழி வெட்டுறவளுக்கு ஒரு விரல் நுனிக்கு எழுதிக் குடுத்தாங்க, கண்ணு. என் பையனோட ரெண்டு கிட்னியை அவனே ஆசைப்பட்டுக் குடுத்துட்டான்னு சொல்றாங்க," என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ அங்கதானே இருந்த? கோச் இருந்தாரா இல்லையா, அதை மட்டும் வந்து சொல்லு, போதும்," என்றார்.

நான் ஆட்டம் இருக்கிறது, கோச்சைக் கேட்க வேண்டும் என்று என்னவோ உளறினேன். நான் அங்கே இல்லை என்று சொன்னால் எங்கே இருந்தாய் என்பது அடுத்த கேள்வி. எனக்குக் கடைசி வருடம். ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆள் எடுப்பார்கள், இரண்டாம் சுற்றிலேயே உன்னை எடுத்துவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். வாயைத் திறந்தால் அது போச்சு. திறக்காவிட்டால் ஓடிஸ் போச்சு. செப்டம்பர் முழுக்க நான் நன்றாக ஆடினேன். அதுதான் வேடிக்கை. பயந்தவன் வேகமாக முட்டுகிறான்.

டயாலிசிஸுக்கு நான்தான் ஓடிஸை வண்டியில் கூட்டிப் போவேன். ஒரு நாள் அவன் கேட்டான்.

"டேய், அன்னைக்கு நான் எப்படிடா விழுந்தேன்?"

"குப்புற. மரம் மாதிரி சாஞ்ச."

"ஏதாவது சொன்னேனா?"

"தண்ணி கேட்ட."

"குடுத்தீங்களா?"

"குடுத்தோம்டா."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு கண்ணை மூடினான். அவனுக்குத் திருப்தி. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வாரம் பொறுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் அவ்வளவு நல்லவன் ஒன்றும் இல்லை.

அக்டோபரில் விசாரணைக்கு நான்கு நாள் இருக்கும்போது, அவன் கையில் ஊசி ஏறியிருந்த வேளையில், எல்லாவற்றையும் சொன்னேன். சோபாக் கடை என்றதும் அவன் சிரித்துவிட்டான்.

"எவ்வளவு குடுத்தான்?"

"எண்ணூறு."

"ரெண்டு மணி நேரத்துக்கா? எங்கம்மா அதுக்கு ரெண்டு வாரம் கோழி வெட்டணும்டா, திருட்டுப் பயலே." சிரிப்பு மெல்ல நின்றது. "அப்ப அந்தத் தண்ணி?"

"தெரியாதுடா. நானாச் சொன்னேன்."

அவன் முகத்தை இயந்திரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தக் குழாயில் ரத்தம் போவதைப் பார்த்தான்.

"எனக்குச் சம்பளம்லாம் வேணாம், லமான்ட். இவன் எங்ககிட்ட வேலை செஞ்சான்னு ஒரு வார்த்தை அவனுங்க சொன்னாப் போதும்," என்றான். பிறகு, "நீ போய்ச் சொன்னா உன் கதை முடிஞ்சுது," என்றான்.

"தெரியும்."

"வேணாம், சொல்லாதன்னு நான் சொல்லுவேன்னு எதிர்பாக்குறியா?"

"சேச்சே, இல்ல."

பொய். அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"சொல்ல மாட்டேன்டா. எனக்குக் கிட்னி வேணும்."

விசாரணை மாநிலத் தலைநகரில், ஒரு அரசாங்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. பல்கலைக்கழகம் எங்கள் அணியிலிருந்து இருபது பேரை ஒரே மாதிரிக் கோட்டு மாட்டி பஸ்ஸில் அனுப்பியிருந்தது. ஓடிஸுக்கு ஆதரவாகவாம். உட்காரவைத்தது டிலார்டுக்குப் பின்னால்.

நான் சாட்சி சொன்னேன். தாள் பொய், கட்டாக முன்கூட்டியே போட்டது, அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை என்றேன். கடையில் எடுத்த படத்தையும் கொடுத்தேன். பழுப்புச் சோபாவில் இளித்துக்கொண்டு நான், மூலையில் தேதி. டிலார்டின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் இரண்டு நிமிடம் இருந்தது.

பல்கலைக்கழகத்தின் வக்கீல் எழுந்தார். நரைத்த தலை, பாகு மாதிரிக் குரல்.

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றி, தம்பி. அப்ப, ஜூலை பதினெட்டாம் தேதி காலைல நீங்க மைதானத்துல இல்ல."

"இல்ல சார்."

"கோச் டிலார்ட் அங்க இருந்தாரா?"

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எப்பவும் இருப்பார் சார்."

"எப்பவும்னு கேக்கல. அன்னைக்கு இருந்தாரா? நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல."

"ஓடிஸை ஓடச் சொன்னது யாரு? காதால கேட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

நான் இல்லை என்று நிரூபித்ததால் தாள் செத்தது. நான் இல்லை என்று நிரூபித்ததால் நானும் செத்தேன். மூன்று மாதமாக இதையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

வக்கீல் விடவில்லை. "ஒரு கேள்வி மட்டும். சோபாக் கடைல வேலை செஞ்சீங்க, கூலி வாங்கினீங்க. ஃபுட்பாலும் அது மாதிரி வேலைன்னா சொல்றீங்க?"

"இல்ல சார். கடைக்காரர்கிட்ட வர மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். என்னைக் கேட்டுத்தான் கூப்பிட்டார். நாலு வருஷத்துல நானா விரும்பிப் போன ஒரே இடம் அதுதான்."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி அம்மாள் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கோட்டு போட்ட இருபது பேரையும் பார்த்தார். அன்றைக்கு அங்கே இருந்தவர் யாராவது சாட்சி சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றார். இருபது பேரும் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய உடம்புகள் அவ்வளவு சின்னதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பத்து நாள் வரை புது ஆதாரம் தரலாம், அதற்குப் பிறகு தீர்ப்பு என்று நீதிபதி முடித்துவிட்டார்.

வெளியே வந்தபோது என் போனில் பல்கலைக்கழகத்தின் செய்தி காத்திருந்தது. மாலைக்குள் விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும். வேகமான ஆட்கள்.

கார் நிறுத்துமிடத்தில் ஜாரெல் என்னைத் தேடி வந்தான். இரண்டாம் வருடக்காரன், நான் வெளியே வந்தால் என் இடத்தில் இறங்குகிறவன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு வேனுக்குப் பின்னால் என்னை இழுத்து, போனை நீட்டினான்.

ஒரு படம். உடை மாற்றும் அறையின் வெள்ளைப் பலகை, ஜூலை பதினெட்டு, டிலார்டின் கோணல் எழுத்து. வந்தவர்களின் பெயர் வரிசையாக, எதிரே டிக். ஓடிஸுக்கு எதிரே, 'இரண்டு நிமிடம் தாமதம், இருபது ஓட்டம்.' அந்தப் பலகையைத் தினமும் பயிற்சி முடிந்ததும் துடைத்துவிடுவார்கள்.

"இதை எதுக்குடா எடுத்த?"

"என் பேரு முதல்ல இருக்கு பாரு. முதல் ஆளா வந்தேன். எங்கம்மாவுக்கு அனுப்ப எடுத்தேன்." போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "கோச் அங்கேயேதான் நின்னாரு, கேப்டன். பதினாறாவது ஓட்டத்துல ஓடிஸ் விழுந்தான்."

"உள்ள வா. இப்பவே போய்க் குடுக்கலாம்."

"முடியாது. எனக்கு ரெண்டு வயசுல பொண்ணு இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் ஆடணும். உன் கதி என்னாச்சுன்னு இப்பத்தானே பாத்தேன்." போனைப் பையில் போட்டுக்கொண்டான். "நீ சொன்னது சரிதான்னு உனக்காவது தெரியட்டும்னு காட்டினேன். கேப்டன்னு நம்பித்தான் காட்டினேன். யார்கிட்டயும் சொல்லாத."

நான் சரி என்று தலையாட்டினேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான். அவன் கழுத்தைத் திருகலாம் போல இருந்தது. ஆனால் அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான் மூன்று மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

மிஸ் லொரெய்ன் காரின் முன் இருக்கையில் ஓடிஸை உட்காரவைத்து பெல்ட் மாட்டிவிட்டு என்னிடம் வந்தார். அன்று டயாலிசிஸ் நாள், நேரமாகிவிட்டிருந்தது. ஓடிஸின் கால்கள் வீங்கியிருந்ததால் ஷூ போடாமல் வந்திருந்தான்.

"அந்தப் பையன் உன்கிட்ட என்ன சொன்னான், கண்ணு?"

பஸ் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஜாரெல் என்னைப் பார்த்து லேசாகக் கையை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன்.

பிறகு மிஸ் லொரெய்னிடம் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் பெயரையும் சொன்னேன். அவர் கைப்பையைத் துழாவி ஒரு பழைய ரசீதையும் பேனாவையும் எடுத்து, ரசீதைக் கார் மேல் வைத்துக்கொண்டு, அவன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். ஜாரெல் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.