யானையின் இடத் தோள்பட்டை

1987ஆம் ஆண்டு மே மாதம் ஆறாம் நாள் காலையில், செர்பியாவின் திமோக் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் பள்ளி அருங்காட்சியகத்திலிருந்து, யானையின் இடத் தோள்பட்டை எலும்பு அனுமதியின்றி எடுத்துச் செல்லப்பட்டது. எடுத்தவர்கள் திருடர்கள் அல்லர், ஊராட்சி மன்றத்தார். ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் வுகோசாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சர்க்கஸோடு வந்து அவ்வூரில் மாண்ட யானை அது. அதன் எலும்புகளைப் பொறுக்கி, வேகவைத்து, வெளுத்து, கோத்து நிறுத்தியவர் அவரே. யானையின் தோள்பட்டைக்கும் விலாக்கூட்டுக்கும் இடையே எலும்பு மூட்டுக் கிடையாது. தசைதான் தொட்டில் போல உடலைத் தாங்கும். செத்த யானையின் தசைக்கு எங்கே போவது? இரு தோள்பட்டைகளிலும் துளையிட்டு, இரும்புக் கம்பியால் விலாக்கூட்டைத் தொங்கவிட்டிருந்தார். இப்போதோ இட முன்னங்கால் தரையில் கிடந்தது. கூடு முழுவதும் வலக் கம்பியில் சாய்ந்து கிறீச்சிட்டது.

வுகோசாவ் மன்றத்துக்கு ஓடினார். அன்று புனித ஜார்ஜ் திருநாள். விருந்தில் தின்ற ஆட்டுக்குட்டியின் தோள்பட்டையை வெளிச்சத்தில் பிடித்து அவ்வீட்டின் ஆண்டுப் பலனைச் சொல்வது ஊர் வழக்கம். மன்றத்திலோ, ஆடவர் நால்வர் யானையெலும்பைச் சன்னலருகே தூக்கிப் பிடித்திருந்தனர்.

“வாங்க வாத்தியாரே, ஒரு கிளாஸ் ஊத்தட்டுமா?” என்றார் தலைவர் மியோத்ராக். “ஆட்டெலும்பு ஒரு வீட்டுக்குத்தான் பலன் சொல்லும். ஊருக்கே பாக்கணும்னா ஊர் அளவுக்கு எலும்பு வேணாமா?”

“நாம தின்ன மிருகத்தோட எலும்பைத்தான்யா பாக்கணும்! யானையை எவன்யா தின்னான்?”

“நம்ம நாய்ங்க தின்னுச்சுங்களே!”

பலன் சொல்லும் கிழவி தெசாங்கா அலறினாள்: “அய்யய்யோ, நடுவுல ஓட்டை! குழிடா இது, ஊருக்கே குழி!”

கூட்டம் சிலுவைக்குறி இட்டுக்கொண்டது.

“அது கம்பி மாட்ட நான் போட்ட ஓட்டை!” என்று கத்தினார் வுகோசாவ்.

அனைவரும் அவர் பக்கம் திரும்பினர்.

“அடப் பாவி! ஊருக்குக் குழி தோண்டினது நீதானா?” என்றாள் கிழவி.

உடனே தேன்மெழுகை உருக்கி ஊற்றித் துளையை அடைத்தார்கள். கிழவி மறுபடி பார்த்தாள். “குழி மூடிடுச்சு! சாவே இல்ல!”

“அப்ப எலும்பைக் குடுங்க. தசையும் இல்லாம, தோள்பட்டையும் இல்லாம அது எப்படி நிக்கும்?”

“இவ்வளவு நல்ல பலனை யானைகிட்டயா குடுக்கச் சொல்றீங்க? இது மன்றத்துச் சுவர்லயே இருக்கட்டும்,” என்றார் மியோத்ராக். “தசைதானே வேணும்? அனுப்பி வைக்கிறோம், போங்க.”

அனுப்பியும் வைத்தார்கள்: புகையூட்டிய பன்றித்தொடைகள் இரண்டு. வந்தவர்கள் அவற்றைத் தோளிருந்த இடத்தில் கயிற்றால் இறுகக் கட்டிவிட்டு, யானையின் உடல்நலத்துக்கு ஆளுக்கொரு கிளாஸ் குடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கனத்தில் விலாக்கூடு மேலும் ஒரு சாண் இறங்கியது. வலக் கம்பியின் முறுக்கு அவிழத் தொடங்கியது. வுகோசாவ் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அடியில் நுழைந்து, தம் முதுகால் யானையைத் தாங்கினார். பன்றித்தொடையின் வாசனைக்கு வாசலில் நாய்கள் கூடிவிட்டன.

அவர் இன்னமும் குனிந்தே நிற்கிறார். இதைப் படித்துவிட்டுச் சிரிக்கும் நீங்கள், முதலில் எழுந்து மன்றத்துக்குச் செல்லுங்கள். சுவரிலிருந்து அந்த எலும்பைக் கழற்றுங்கள். மெழுகை நன்றாகச் சுரண்டிவிட்டுக் கொண்டுவாருங்கள். அந்தத் துளையில் கம்பி நுழைந்தாக வேண்டும்.