பக்கிரிசாமியின் முதுகு

"காலு நீள மாட்டேங்குது அண்ணி," என்றார் காளியண்ணன், செத்துப்போன அண்ணனின் முழங்காலை அழுத்தியபடி.

ருக்குமணியின் புருஷன் பக்கிரிசாமி நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தார். உட்கார்ந்த மேனிக்கே உடம்பு விறைத்திருந்தது. தோட்டத்து லயத்து வீடுகளின் சனம் வாசலில் கூடிக் குசுகுசுத்தது.

தேயிலைச் சரிவில் கொழுந்து மூட்டையோடு விழுந்ததிலிருந்து அவருக்கு இடுப்பு வலி. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. ரிங்லெட் டவுன் கிளினிக்கின் நர்ஸ் மிஸ்ஸிதான் வேறு வழி சொல்லிக்கொடுத்தாள்: கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கணும், வலி வந்தால் விரட்டாமல் அதையும் கவனிக்கணும்.

"வலியப் பாக்க டிக்கெட் எவ்வளவாம்?" என்று ருக்குமணி கேலி செய்தாள். மனுஷன் விடவில்லை. "வலி போகலடி. அதோட சண்ட போடறதுதான் போச்சு," என்றார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது நின்றது. வீட்டில் பேச்சும் சிரிப்பும் திரும்பின. அதனாலேயே, அவர் கண்ணை மூடிவிட்டால் கோழியைக்கூட அவள் கத்த விடமாட்டாள்.

இன்றும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் குமுதாவை, "அவரு உக்காந்திருக்காரு, அப்புறமா வா லா," என்று திருப்பி அனுப்பினாள். அவர் கை சில்லென்றிருந்தது. மலைக்குளிர் என்று போர்வையைப் போர்த்திவிட்டாள். போர்வை நழுவி விழுந்தும் அவர் அசையாதபோதுதான் புரிந்தது. இத்தனை நேரம் செத்தவருக்கா காவல் இருந்தோம் என்று நினைத்தாள்.

காளியண்ணன் குரலைத் தாழ்த்தினார். "தியானத்துல போன உசுரு அண்ணி. சாமியாருங்க மாதிரி உக்கார வெச்சே பூப்பல்லக்குல கொண்டு போலாம்னு எல்லாரும் சொல்றாங்க. அண்ணனுக்குப் பெருமைதானே?"

வாசலில் யாரோ அதற்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ருக்குமணிக்கு ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. அவரைச் சாமியாக்கிவிட்டால் அவளை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

"அவரு சாமியாரு இல்ல தம்பி. இடுப்பு வலிக்காரரு," என்றாள். "நான்தான் கூப்பிட்டுப் பாக்காம விட்டுட்டேன். மல்லாந்து படுத்தா இடுப்பு பாயில படியாம, இத்தன வருசமா சாஞ்சு உக்காந்தே தூங்குன மனுசன். போறப்பவாச்சும் படுத்துக்கிட்டுப் போகட்டும்."

குமுதா சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். துணியை நனைத்துப் பிழிந்து, ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து நீவினார்கள். மூட்டுகள் மெல்ல இளகின. காளியண்ணன் தோளைத் தாங்கிப் பாயில் இறக்கினார்.

ருக்குமணி அவர் இடுப்புக்கும் பாய்க்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.