மாமனார் போன அன்று லாவண்டர் அறுவடை

மாமனாருக்கு லாவண்டர் என்றாலே ஆகாது. உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில் மருமகள் சோப்பு வாசனையைப் பயிரிடுகிறாள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மருந்தே அடிக்காமல், மண்ணில் முழங்காலிட்டு அவள் களை பறிப்பதைப் பார்த்தால், "களைக்கொல்லி அடிச்சா நொடியில முடியுற வேலை. எதுக்கும்மா இந்தக் குட்டிக்கரணம்?" என்பார்.

அறுவடைக்குக் குறித்திருந்த காலையில் காப்பி கேட்டு வாங்கினார். அது ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மருத்துவர் வந்து இறப்பை உறுதிசெய்துவிட்டுப் போனார். மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். மருமகளின் கண் சன்னலுக்கு வெளியே போனது. மேற்கே கருமேகம் திரண்டிருந்தது. பூவெல்லாம் எண்ணெய் ஏறிப் பக்குவமாக நின்றது. நனைந்தால் ஒரு வருட உழைப்பு பாழ். இந்த நேரத்தில் புத்தி போகிற போக்கைப் பார் என்று அவளுக்கே கூசியது.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அரிவாள் எங்க?"

"அத்தை?"

"இந்த மனுஷன் இனி எங்கயும் ஓடிப்போக மாட்டாரு. பூ நிக்காது. சொந்தக்காரங்களுக்கு மத்தியானமா சொல்லிக்கலாம், வா."

"அம்மா!" என்று அலறினான் மகன்.

"நீயும் வாடா. அழுதுகிட்டே அறு."

வெயில் புகாமல் காற்றோட்டமாக இருந்தது பூ உலர்த்தும் அறை ஒன்றுதான். அவரை அங்கே கிடத்திவிட்டு மூவரும் வயலில் இறங்கினார்கள். முதல் தூறல் விழும்போது கடைசிக் கட்டு உள்ளே வந்துவிட்டது. எண்ணெய்க்கான பூவை, காய்ச்சி வடிக்கும் கொட்டகையில் குவித்தார்கள். உலரவேண்டிய கொத்துகளைத் தலைகீழாகத் தொங்கவிட வேறு இடமில்லை. அவருக்கு மேலேயே கட்டினார்கள்.

சாயங்காலம் உறவு திரண்டது. முதலில் வந்தவர் மாமனாரின் தங்கை. ஓயாமல் பேசுவதால் அவருக்கு 'வானொலி' என்று பெயர். அறைக்குள் நுழைந்ததும் அவரே வாயடைத்து நின்றார்.

"அண்ணனுக்கு இவ்வளவு பூவா!" என்று தேம்பினார். "எப்படிக் கமகமன்னு இருக்காரு! புண்ணியவான் உடம்புதான் இப்படி மணக்கும்."

"உயிரோட இருந்தப்ப குளிக்க வைக்கவே கெஞ்சணும்" என்று மாமியார் முணுமுணுத்தது மருமகள் காதில் மட்டும் விழுந்தது. சிரிப்பு பீறிட்டது. கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"மாமனார் மேல எவ்வளவு பாசம் பாரு!" வானொலி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். தடவத் தடவ, அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் கொட்டகையில் அடுப்பை மூட்டினார்கள். குழாயில் எண்ணெய் சொட்டத் தொடங்கியதும் மாமியார் ஒரு துளியை விரலில் தொட்டுக் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பக்கூட இல்லை.

"ம்... விக்கலாம்" என்றார்.